நாட் கிங் கோல்: பியானோவில் பழகிய குரல்

நாட் கிங் கோல் பற்றி ஜாஸ் ரசிகர்களிடம் ஒரு பழைய வருத்தம் உண்டு. அபாரமான பியானோ கலைஞர், பாட்டு கொண்டுவந்த பணத்துக்காகப் பியானோவைக் கைவிட்டுவிட்டார் என்பார்கள். 1950இல் ‘மோனா லிசா’ பெருவெற்றி பெற்ற பிறகு, வயலின்கள் சூழ நின்றபடி பாடும் கோலையே உலகம் அதிகம் கண்டது. எனவே வருத்தம் நியாயமாகத்தான் படும். ஆனால் அந்தப் பாடகரை உருவாக்கியதே பியானோதான்.

1937இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்கர் மூரின் கிதார், வெஸ்லி பிரின்ஸின் பேஸ் ஆகியவற்றோடு கோல் அமைத்த மூவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. பதினைந்து பேர் சேர்ந்து முழங்கும் பெரிய குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தாளத்தை அடித்துக் காட்ட ஆளில்லாதபோது, ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். கோலின் இடது கை ஓயாமல் தாளம் போடாது. வேண்டிய இடத்தில் ஓரிரு கார்ட்களை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வலது கை கிதாரோடு இழைந்து ஒரே வரியாக ஓடும். சிகாகோவில் சிறுவயதில் ஏர்ல் ஹைன்ஸின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த கை அது. பாடும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை ரசிகர்களுக்கும் விரல்களைக் கட்டைகளுக்கும் கொடுத்துவிடுவார். 1943இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்’ பாட்டைக் கேட்டால், சொற்களை அவர் வைக்கும் விதத்தில் அந்த இடது கையின் சிக்கனம் தெரியும். சொல் தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னால் வந்து அமரும். வரி முடிந்ததும் குரல் இழுபடாமல் நிற்கும். பிற்காலத்து மெல்லிசைப் பாட்டுகளிலும் இதே பழக்கம்தான். பியானோ ஒலிக்காத பதிவிலும் பியானோக்காரரின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் ஒரு காரணமில்லையா? உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொகுசான வழியைத் தேடிப் போனார் என்பதை ஏற்க முடியாது. 1948இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கியபோது, கறுப்பர் என்பதால் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். 1956 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் பாடிக்கொண்டிருந்தவரை வெள்ளை இனவெறியர்கள் மேடையேறித் தாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் என்பிசியில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. 1957 டிசம்பரில் அது நின்றது. பாட்டால் புகழ் வந்தது, பாதுகாப்பு வரவில்லை.

விரல் துருப்பிடித்துவிட்டது என்பவர்களுக்கு அதே 1956இல் பதிவான ‘ஆஃப்டர் மிட்நைட்’ பதில் சொல்லும். ஹாரி எடிசனின் டிரம்பெட், ஸ்டஃப் ஸ்மித்தின் வயலின் நடுவே கோல் மறுபடி பியானோவில் உட்கார்ந்திருக்கிறார். தன் பாட்டுக்குத் தானே இடம் விட்டு வாசிக்கிறார். ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் இந்த உரையாடல் இல்லை, அது உண்மையான இழப்பு. ஆனாலும் பியானோ, கிதார், பேஸ் என்ற அந்த அமைப்பையே 1950களில் ஆஸ்கர் பீட்டர்சன் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். பியானோ வாசித்தபடி பாடத் தொடங்கிய இளம் ரே சார்ல்ஸும் முதலில் பின்பற்றியது கோலைத்தான்.