பெரிய படமும் சிறிய திரையும்

ஒரு மின்சுற்று வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்தால் மேசை மீது விரித்துப் பார்க்கலாம். தள்ளி நின்றால் முழுப் படமும் தெரியும். குனிந்தால் சிறு எழுத்தும் தெரியும். ஆனால் கணினித் திரையில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடிய கதைதான் ஜூம் வசதியின் வரலாறு.

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் வரைந்த படத்தை அதிலேயே பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. ஆனால் அது வெறும் பூதக்கண்ணாடி போன்றதுதான்.

அடுத்த பெரிய மாற்றம் 1993-ல் வந்தது. கென் பெர்லின், டேவிட் ஃபாக்ஸ் இருவரும் பேட் என்ற முறையை அறிமுகப்படுத்தினார்கள். அதில் தனித்தனி ஜன்னல்கள் கிடையாது. எல்லையில்லாத ஒரே பரப்பு. எல்லாம் அதன் மேல்தான். நெருங்க நெருங்க, காட்டப்படும் விஷயமே மாறும். உதாரணமாக ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் ஆண்டு மட்டும் தெரியும். நெருங்கினால் மாதங்கள், இன்னும் நெருங்கினால் அன்றைய வேலைகள். 1994-ல் பெடர்சன், ஹாலன் ஆகியோர் இதை பேட்++ என வளர்த்தெடுத்தார்கள்.

இங்கேதான் புதிய தொல்லை முளைத்தது. மிகவும் நெருங்கிவிட்டால் திரையில் வெற்றிடம் மட்டுமே மிஞ்சும். எந்தப் பக்கம் நகர்வது என்றே தெரியாது. 1998-ல் சூசான் ஜுல், ஜார்ஜ் ஃபர்னாஸ் இருவரும் இந்த நிலைக்குப் 'பாலைவன மூடுபனி' என்று பெயர் வைத்தார்கள். வழி தவறியவருக்குத் தேவை இன்னும் பெரிய படமல்ல, வழிகாட்டும் அடையாளம் என்பதே அவர்கள் காட்டிய உண்மை. திரையின் மூலையில் முழுப் படத்தைச் சிறிதாகக் காட்டி, பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் கட்டமிட்டுக் காட்டுவதும் இதே தேவைக்காகத்தான்.

வேகம் இன்னொரு தடை. ஒரே படத்தைப் பல அளவுகளில், சிறு சதுரத் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைப்பது இதற்கு வழியானது. ஒவ்வொரு நிலையும் முந்தையதில் பாதி அகலம், பாதி உயரம் என்றால், எல்லா நிலைகளுக்கும் சேர்த்து மூலப்படத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இடமே கூடுதலாகத் தேவை. திரைக்கு வேண்டிய துண்டுகள் மட்டும் இறங்கினால் போதும். 2005-ல் வந்த கூகுள் மேப்ஸ் இந்த உத்தியை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

பெரிதாக்குவது கணினிக்கு எளிது. எந்தத் தூரத்தில் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றும் வடிவமைப்பவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.