மோங்கோவுக்கு இரண்டு வழிகள்

ஃபிளாஷ் கார்டன் என்ற பெயரில் என் அலுமாரியில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று இந்திரஜால் காமிக்ஸ். பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச் முதல் 1990 வரை நடத்திய வரிசை அது. மெல்லிய புத்தகம், மலிவான கடதாசி, முதுகில் இரண்டு கம்பி. மற்றது கெட்டி அட்டைத் தொகுதிகள். அமெரிக்காவின் ஐ.டி.டபிள்யூ. நிறுவனம் 2011 முதலும், இங்கிலாந்தின் டைட்டன் புக்ஸ் 2012 முதலும் வெளியிட்டவை. இரண்டு வகையும் மறுபதிப்புத்தான். ஆனால் எதை மறுபடி அச்சிடவேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒத்த கருத்தில்லை. முந்தியது கதையைக் காப்பாற்ற நினைத்தது, பிந்தியது பக்கத்தை.

1929 ஜனவரி 7ஆம் திகதி பக் ரோஜர்ஸ் அமெரிக்கப் பத்திரிகைகளில் நாளாந்தப் படத்தொடராகத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட், போட்டிக்கு அலெக்ஸ் ரேமண்டைக் களமிறக்கியது. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1934 ஜனவரி 7 ஞாயிற்றுக்கிழமை, ஃபிளாஷ் கார்டன் வந்தான். பூமியை மோத வரும் மோங்கோ கோள், அதை நோக்கி டாக்டர் ஸார்காஃப் செலுத்தும் ராக்கெட், அதில் ஃபிளாஷும் டேல் ஆர்டனும், மறுமுனையில் கொடுங்கோலன் மிங். ரேமண்ட் 1944 வரை வரைந்தது வண்ணத்தில் வந்த ஞாயிறுப் பக்கம். 1951 நவம்பரில் டான் பாரி தொடங்கிய நாளாந்தத் தொடரோ முற்றிலும் வேறு பொருள். கறுப்பு வெள்ளை, ஒரு வரிசை, நாளுக்கு மூன்று நான்கு கட்டம். மோங்கோவின் வாள்வீச்சை ஒதுக்கிவிட்டு வியாழன் கோளுக்குப் போகும் பயணத்திலிருந்து பாரி ஆரம்பித்தார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. தொடக்கத்தில் ஹார்வி கர்ட்ஸ்மனும் பின்னர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹாரி ஹாரிசனும் அவருக்குக் கதை எழுதினார்கள்.

இந்திரஜால் நமக்குத் தந்த ஃபிளாஷ் பெரும்பாலும் டான் பாரியின் ஃபிளாஷ்தான். அங்கேதான் கத்தரிக்கோலின் வேலை தெரிகிறது. அகலவாட்டில் கிடக்கும் ஒரு வரிசையை நெட்டுப் பக்கத்துக்குள் அடக்கவேண்டும், பல வாரம் ஓடிய கதையைக் குறித்த பக்கத்துக்குள் முடிக்கவேண்டும். நாளாந்தத் தொடரின் முதல் கட்டம் நேற்று நடந்ததை நினைவூட்டும், கடைசிக் கட்டம் நாளைக்குக் கொக்கி போடும். புத்தகமாகச் சேர்க்கும்போது அந்த நினைவூட்டல் கட்டங்களை எடுத்துவிடலாம். அதில் தவறில்லை, கதை வேகமாக ஓடும். கட்டங்களின் ஓரத்தை நறுக்கியதுதான் எனக்கு வலிக்கிறது. பேசும் முகத்தை வெட்ட முடியாது, பலூனை வெட்ட முடியாது. ஆகவே முதலில் வெட்டுப்படுவது வானம். துப்பறியும் கதையில் ஒரு சுவரின் பாதி போனால் நஷ்டமில்லை. விண்வெளிக் கதையில் அந்தக் கறுப்பு வெளிதான் கதையே. சின்னக் கப்பல், அதைச் சுற்றி ஒன்றுமில்லாத பெரிய இருட்டு என்று பாரி வைத்த அளவு மாறினால், ராக்கெட் ஒரு மோட்டார் வாகனம்போல ஆகிவிடுகிறது. போதாததற்குக் கறுப்பு வெள்ளைக்கென்று மையிட்ட நிழல்கள்மீது தட்டையான நீலமும் மஞ்சளும் பூசினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்திரஜாலை நான் கைவிடமாட்டேன். சில காலம் தமிழிலும் வந்த வரிசை அது. கதை தொடங்கிய புத்தகத்திலேயே முடியும், ஒரே மூச்சில் படிக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுத்துக் கைமாற்றிப் படிக்கும் விலை. ஓவியர் கோவிந்தின் அட்டைப்படங்கள் உள்ளே இருப்பதைவிட அழகாக இருந்ததும் உண்டு.

தொகுதிகளின் பக்கம் வருவோம். ரேமண்டுக்கு இவைதான் கதி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஐ.டி.டபிள்யூ. புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும். ஞாயிறுப் பக்கத்தின் தலையில் வந்த ஜங்கிள் ஜிம் தொடரும் அதே இடத்தில் இருக்கிறது. பக்கங்கள் வந்த ஒழுங்கிலேயே நிற்பதால் ஒரு கலைஞன் வளர்வதை வாரம் வாரமாகப் பார்க்கலாம். 1934இல் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிந்த பக்கம். சில ஆண்டுகளில் கட்டங்கள் குறைந்து பெருக்கின்றன, தூரிகைக் கோடு மெலிகிறது. முப்பதுகளின் முடிவை நெருங்கும்போது பலூனையே கைவிட்டு, எழுத்தைப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார். படத்துக்கு இடம் வேண்டும் என்று அவர் எடுத்த முடிவு அது. பக்கத்தை வெட்டி ஒட்டும் எந்த மறுபதிப்பிலும் அந்த முடிவைக் காண முடியாது.

நாளாந்தத் தொடர் தொகுதியில் எனக்கு அவ்வளவு நிம்மதியில்லை. வானம் முழுதாக இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று எழுதப்பட்டதை ஒரே இரவில் நூறு பக்கம் படித்தால் நினைவூட்டல் கட்டங்கள் அலுப்பூட்டும். நான் ஒரு வாரத்துக்குரிய ஆறு வரிசையோடு புத்தகத்தை மூடிவிடுவேன். அப்படிப் படிக்கும்போதுதான் கொக்கி கொக்கியாக வேலை செய்கிறது.

இரண்டு வகையும் பிரியும் இன்னொரு இடம் உண்டு. மிங் என்ற பாத்திரம், ஆசிய மனிதனைக் கொடூரனாகக் காட்டிய அக்கால மேற்குலகின் அச்சத்திலிருந்து பிறந்தது. தொகுதிகள் அதை மாற்றாமல் அச்சிடுகின்றன. இந்திரஜாலின் கை வேறு. அதே வரிசையில் வந்த வேதாளன் (ஃபாண்டம்) கதையில் வாசகரை உறுத்தக்கூடிய பெயர்களை அது மாற்றியது; பெங்காலி என்றிருந்த நாட்டை டெங்காலி ஆக்கியது. அன்றைய சிறுவர் இதழுக்கு அது தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். சேகரிப்பவனுக்கு வேண்டியதோ மாற்றாத மிங்தான். ஆண்ட நாடுகள் எங்களை எப்படிப் பார்த்தன என்பதற்கு அவன் முகமே சான்று, அதைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் பார்க்கத்தான் வேண்டும்.

இனி என் ஊரான தலவாக்கலையின் கணக்கு. 1970களின் முற்பகுதியில் இலங்கையில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, 1977க்குப் பிறகே வழி திறந்தது. அதனால் அந்த ஆண்டுகளின் இந்திரஜால் இங்கே அரிது. கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் கிளறித்தான் பிடிக்கவேண்டும். தொகுதிகளுக்குத் தடை பணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது.

வாங்கியதைக் காப்பது அடுத்த பாடு. 1,200 மீற்றர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மூடுபனி அறைக்குள் வரும் ஊர் இது. இந்திரஜாலின் கடதாசி பத்திரிகைக் கடதாசி. அதன் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கும், கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். கம்பியைக் கழற்றி நூலால் தைத்துவிடுவது நல்லது. வழவழப்பான கடதாசியில் அடித்த தொகுதிகள் பழுப்பாவதில்லை. ஆனால் ஈரம் பிடித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் மையோடு உரிந்து வரும். பத்து ரூபாய்ப் புத்தகம் மஞ்சளாகியும் வாசிக்க முடிகிறது, விலை உயர்ந்தது ஒரே மழையில் போகக்கூடும். முன்பு தேயிலை அனுப்பிய, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பலகைப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். இலையை ஈரத்திலிருந்து காக்கச் செய்த பெட்டி கடதாசியையும் காக்கும்.

சிவகாசியிலிருந்து வரும் தமிழ்க் காமிக்ஸிலும் இதே இரட்டை வழி உண்டு. 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் ஹேசுஸ் பிளாஸ்கோ வரையத் தொடங்கிய ‘ஸ்டீல் க்ளா’, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி ஆனது. 2021இல் ரெபெல்லியன் நிறுவனம் ஆங்கிலத்தில் அதைத் தொகுதியாக்கியது. அந்தத் தொகுதியில் பிளாஸ்கோவின் நிழல்கள் தெளிவு. ஆனால் அதில் மூலக்கதையின் நாயகன் லூயி கிராண்டல்தான் இருக்கிறான், நாங்கள் அறிந்த மாயாவி இல்லை. படத்துக்குத் தொகுதி, குரலுக்கு முத்து என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன்.

ஃபிளாஷ் கார்டனுக்கு அந்தக் குரல் தமிழில் இன்னும் முழுதாக அமையவில்லை. 2012இல் புதுப்பொலிவோடு மீண்டுவந்த லயன்–முத்து இதழ்கள், பெரிய அளவில் நல்ல அச்சு தமிழில் இயலும் என்று காட்டிவிட்டன. டான் பாரியின் முதல் இரண்டு ஆண்டுகளை யாராவது தமிழில் கொண்டுவருவதானால், என் வேண்டுகோள் இது: அகலவாட்டுப் புத்தகம், பக்கத்துக்கு மூன்று வரிசை, கறுப்பு வெள்ளை, ஒவ்வொரு வரிசைக்கும் அது வந்த திகதி. ஓரத்தை வெட்டவேண்டாம். வழவழப்பான கடதாசியும் வேண்டாம், மலையில் அது நிற்காது.