சமவாய்ப்பு எங்கே முடிவாகிறது? அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் விதிகளை முன்வைத்து

பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, அனைவரையும் உள்ளடக்கல் ஆகிய மூன்றும், இரண்டாண்டுப் படிப்பு தரும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் கொள்கை அறிக்கைகளில் பல ஆண்டுகளாக இடம்பெற்றுவருகின்றன. அவற்றுக்கெனத் தனி அலுவலகங்கள் திறக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. 2023-இல் டெக்சாஸ் மாநிலம் அரசுக் கல்லூரிகளில் இத்தகைய அலுவலகங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது; 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரிடாவும் 2023-இல் இப்பணிகளுக்கு அரசு நிதி செலவிடுவதைத் தடுத்தது. அதன்பின் அலுவலகம் வேண்டுமா, வேண்டாமா என்பதே விவாதமாகிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த ஏழை மாணவரின் படிப்பு எந்த இடத்தில் முறிகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

சமுதாயக் கல்லூரியில் சமவாய்ப்பு அதன் அன்றாட விதிகளில்தான் முடிவாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது, யாருக்கு ஆலோசகர் கிடைப்பார், பேருந்துக் கட்டணத்தை யார் தருவது, யார் பாடம் நடத்துவது போன்றவையே அந்த விதிகள். இவற்றைத் தொடாத திட்டம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்டாலும் மாணவரைச் சென்று சேராது. கலிபோர்னியா, நியூயார்க் ஆகிய இரு இடங்களின் அனுபவம் இதற்குப் போதிய சான்று தருகிறது.

திறந்த சேர்க்கையும் அதன் எல்லையும்

1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியே அமெரிக்காவின் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரி. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் அளித்த அறிக்கை, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே படிக்கும்படி இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்கச் சொன்னது. 1960-இல் கலிபோர்னியா தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தை வகுத்தது. பள்ளி முடித்தோரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெற்றனர். படித்துப் பயன்பெறக்கூடிய எவரும் சமுதாயக் கல்லூரியில் சேரலாம் என்றானது. இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன.

இந்த ஏற்பாடு ஜனநாயகத்தன்மை கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை அதே 1960-இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் எடுத்துக்காட்டினார். சான் ஹோசே நகரின் இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்த அவர், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் பலரின் ஆசையை மெல்லத் தணிக்கும் வேலையையும் செய்கிறது என்றார். தேர்வு, ஆயத்தப் பாடம், ஆலோசகரின் அறிவுரை எனப் படிப்படியாக நடக்கும் இந்தத் தணிப்பின் முடிவில், பட்டம் தனக்கு எட்டாது என்பதை மாணவரே ஏற்றுக்கொண்டு விலகுகிறார். கல்லூரி யாரையும் வெளியேற்றியதாகப் பதிவு இருக்காது. கிளார்க் இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. நிறுவனத்தின் செயற்பாடாகவே விவரித்தார். அந்தச் செயற்பாடு யார் மேல் அதிகமாக விழுகிறது என்று கேட்கும்போதுதான் அது நீதிப் பிரச்சினையாகிறது.

வகுப்புப் பிரிப்புத் தேர்வு

அந்தத் தணிப்பு விழுந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முன்பெல்லாம் கல்லூரியில் சேர வரும் மாணவர் கணினி முன் அமர்ந்து கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தேர்வு எழுதுவார். அது எதற்கு என்று பலருக்கும் சரியாகச் சொல்லப்படவில்லை. அதற்கெனப் பலரும் படித்துவிட்டும் வரவில்லை. பள்ளியை விட்டுச் சில ஆண்டுகள் வேலைக்குப் போய்த் திரும்பியவருக்குப் பின்னக் கணக்கு மறந்திருக்கும். அந்த மதிப்பெண்ணை வைத்து, பட்டத்துக்குக் கணக்கில் வராத ஆயத்த வகுப்புகளில் ஒன்றில் அவர் சேர்க்கப்படுவார். கல்லூரிக் கணிதத்துக்குக் கீழே மூன்று, நான்கு படிநிலைகள் வரை இருந்தன. அடிப்படியில் கறுப்பின மாணவர்களும் லத்தீனோ மாணவர்களும் தங்கள் விகிதத்தைவிட அதிகமாகக் குவிந்திருந்தனர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நூறு பேர் மூன்று படி கீழே தொடங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் 70 சதவீதம் பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். தேறியவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள். இரண்டுமே மோசமான விகிதங்கள் அல்ல. ஆயினும் நான்கு வகுப்புகளையும் கடந்து கல்லூரிக் கணிதத்தில் தேறுவோர் நூற்றுக்கு 12 பேரே. ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து நிறைவடையலாம். மீதமுள்ள 88 பேர் எங்கே போனார்கள் என்பது எந்த ஒரு வகுப்பின் பதிவேட்டிலும் தெரியாது.

தேர்வின் கணிப்பே பிழையானது என்பதும் பின்னர் வெளிப்பட்டது. கல்வி ஆய்வாளர் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் அவருடன் ஆய்ந்தவர்களும், கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பெரிதும் பொருந்தாத வகுப்பில் சேர்க்கப்பட்டதாகக் கண்டனர். பள்ளி மதிப்பெண்களே மாணவரின் கல்லூரித் திறனை இதைவிட நன்றாகக் காட்டின. பரவலாகப் பயன்பட்ட ‘காம்பஸ்’ தேர்வை அதை நடத்திய நிறுவனமே 2016-இல் கைவிட்டது.

விதி மாறியபோது

2017 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 705 என்ற கலிபோர்னியச் சட்டம் விதியையே திருத்தியது. மாணவர் ஓராண்டுக்குள் கல்லூரி நிலை ஆங்கிலத்தையும் கணிதத்தையும் முடிப்பதற்கான வாய்ப்பை முடிந்த மட்டும் உயர்த்துவது கல்லூரியின் கடமை என்றது. பள்ளி மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. நேரடி வகுப்பில் வெற்றிபெற வாய்ப்பே அரிது என்று காட்டினாலொழிய யாரையும் ஆயத்தப் பாடத்துக்கு அனுப்பக்கூடாது என்றது. நிரூபிக்கும் பொறுப்பு மாணவரிடமிருந்து கல்லூரிக்கு மாறியது; இச்சட்டத்தின் உயிர்நாடி இதுவே. 2019 இலையுதிர்ப் பருவத்தில் அது முழு நடைமுறைக்கு வந்தபின், முதல் முறையே கல்லூரி நிலை வகுப்பில் சேர்ந்தவர்களும் அதில் தேறியவர்களும் எல்லா இனப் பிரிவுகளிலும் பெருகினர்.

இதற்கு ஆசிரியர்கள் எழுப்பிய மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதல்ல. ஆயத்தமில்லாத மாணவரை நேரே கடினமான வகுப்பில் உட்கார வைத்தால் அவர் தோற்பார், தோல்வியோடு கல்வியையே விட்டுவிடுவார் என்றார்கள். வகுப்பின் தேர்ச்சி விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் விகிதத்தின் அடித்தொகை மாறியதை மறக்கக்கூடாது. முன்பு வடிகட்டப்பட்ட சிலர் மட்டுமே அந்த வகுப்பை எட்டினர்; இப்போது பெரும்பாலோர் எட்டுகின்றனர். நூறு பேரில் 12 பேர் தேறிய இடத்தில் 40 பேர் தேறினால், வகுப்புத் தேர்ச்சி விகிதம் எவ்வளவு சரிந்தாலும் அது முன்னேற்றமே.

அந்த மறுப்பில் ஓர் உண்மை எஞ்சுகிறது. நேரடிச் சேர்க்கை தடையை நீக்கும், தோற்பவரைத் தாங்காது. பாடத்தோடு சேர்ந்தே நடக்கும் துணை வகுப்புகள் இல்லாத இடத்தில் சீர்திருத்தம் அரைகுறையாகவே நிற்கும். இனப் பிரிவுகளுக்கு இடையிலான தேர்ச்சி இடைவெளியும் மறைந்துவிடவில்லை. ஆகவே அடுத்த கேள்வி தாங்குவதைப் பற்றியது.

தாங்கும் ஏற்பாடு

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். பதிலுக்கு உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் இடையிலுள்ள பாக்கியைக் கல்லூரி ஏற்றது. பாடநூல் செலவுக்கு உதவியது. நகரப் பேருந்து, ரயில் பயணத்துக்கான மெட்ரோ அட்டையை இலவசமாகத் தந்தது. ஓர் ஆலோசகரிடம் 60 முதல் 80 மாணவர்களே இருந்தனர். வழக்கமான ஏற்பாட்டில் இது 600-க்கும் மேல்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது. மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டயம் பெற்றனர். இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர். மாணவர் ஒருவருக்கு மூன்றாண்டில் ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதலாகச் செலவானது. ஆனால் பட்டயம் பெற்றவர் ஒருவருக்கு ஆன செலவு என்று கணக்கிட்டால் அது குறைந்தது. ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோதும் பட்டயம் பெற்றோர் விகிதம் ஏறத்தாழ இரட்டித்தது. ஒரே முயற்சி இரு வேறு மாநிலங்களில் இப்படிப் பலிப்பது கல்வி ஆய்வில் அரிது. மெட்ரோ அட்டையைப் போன்ற சிறிய பொருளும் இம்முயற்சியில் அடங்கும். பேருந்துக்குக் காசில்லாத நாளில் தவறும் வகுப்பு, திறமைக் குறைவாகப் பதிவாகிவிடக்கூடாது என்ற தெளிவு அத்திட்டத்தில் இருந்தது.

கற்பிப்பவர் யார்?

பன்முகத்தன்மைக்கு இந்த வாதத்தில் இடமில்லை என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரித் தரவுகளைக் கொண்டு ஃபேர்லி, ஹாஃப்மன், ஓரியோபோலஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுபான்மை ஆசிரியர் நடத்தும் வகுப்பில் வெள்ளை மாணவர்களுக்கும் சிறுபான்மை மாணவர்களுக்கும் இடையிலான இடைநிற்றல், மதிப்பெண் இடைவெளிகள் 20 முதல் 50 சதவீதம் வரை குறைவதைக் காட்டியது. ஹேவர்டு நகரின் ஷாபோ கல்லூரியில் 1981-இல் பிறந்த ‘புவெந்தே’ திட்டம், லத்தீனோ மாணவர்களின் எழுத்துப் பயிற்சியையும் ஆலோசனையையும் சமூகத்துப் பெரியவர்களின் வழிகாட்டலையும் ஒன்றாக இணைத்தது. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் விதிகளே. அங்கே வேர்விட்ட பன்முகத்தன்மை வெறும் அலங்காரமாக நின்றுவிடாது.

இனத்தின் பெயரால் முன்னுரிமை தருவதை 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209-ஆம் முன்மொழிவு கலிபோர்னியாவில் தடுத்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை நாடு முழுவதும் முடக்கியது. ஏபி 705-க்கு இந்தத் தடைகள் குறுக்கே நிற்கவில்லை. அதன் விதி எல்லா மாணவருக்கும் பொது. ஆயினும் விதி யாரைப் பாதிக்கிறது என்று அறியத் தரவைப் பிரிவு வாரியாகப் பார்த்தே தீர வேண்டும். கல்வி ஆய்வாளர் எஸ்டெலா பென்சிமோன் வகுத்த ‘சமவாய்ப்பு மதிப்பெண் அட்டை’ முறை இதைத்தான் வற்புறுத்தியது. இடைவெளி தெரிந்தால் மாணவரிடம் என்ன குறை என்று தேடாமல், கல்லூரியின் எந்த வழக்கம் அதை உண்டாக்குகிறது என்று ஆசிரியர்களே ஆராய வேண்டும் என்றார் அவர். அலுவலகத்தை மூடும் சட்டங்களின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அலுவலகம் போனதோடு கணக்கெடுக்கும் பழக்கமும் போய்விட்டால், இழப்பைக் கண்டறிய வழியே இராது.

முடிவுரை

இந்தியாவிலும் இதே பெயரில் கல்லூரிகள் உள்ளன. புதுவையில் 1995-லும் சென்னையில் 1996-லும் அவை தொடங்கின. பள்ளியில் இடைநின்றோரும் ஏழைகளும் பெண்களும் முன்வந்து படிக்க வேண்டும் என்பதே நோக்கம். நம் நாட்டில் சமூகநீதிப் பேச்சு பெரும்பாலும் சேர்க்கை இடங்களைச் சுற்றியே நிகழ்கிறது. அது வென்று தந்தவை பெரிது. அதற்கடுத்த கணக்கையும் நாம் கேட்டுப் பெற வேண்டும். சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்காதவர்கள் எந்தப் பாடத்தில், எந்த விதியில், எந்தச் செலவில் நின்றுபோனார்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். காரணமான விதியை அதே ஆண்டில் திருத்தவும் வேண்டும். அதைச் செய்யும் கல்லூரியே சமவாய்ப்பைப் பேசத் தகுதியுடையது.