மர்ம விதைப் பொதிகள் (2020)

மர்ம விதைப் பொதிகள் என்பன 2020 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே அஞ்சலில் வந்த விதை உறைகள் ஆகும். பல உறைகளில் சீன அஞ்சல் குறியீடு இருந்தது. சிலவற்றில் உள்ளிருப்பது நகை என்று எழுதப்பட்டிருந்தது. அக்குறியீடுகள் போலியானவை எனச் சீன வெளியுறவு அமைச்சு கூறியது.

காரணம்

ஆய்வில் கடுகு, முட்டைக்கோசு, புதினா, ரோசா முதலியவற்றின் விதைகள் இனங்காணப்பட்டன. இணைய விற்பனையாளர்கள் பொய்யான விற்பனையைக் காட்டிப் போலி மதிப்புரை எழுதும் மோசடியாக இது இருக்கலாம் என அமெரிக்க வேளாண்மைத் துறை கருதியது. எனினும், பொதி பெற்றோர் சிலர் தாமே முன்பு விதை வாங்கியதை மறந்திருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது.

செய்ய வேண்டியவை

இத்தகைய விதைகளை நடவோ குப்பையில் எறியவோ கூடாது. குப்பைமேட்டிலும் அவை முளைக்கக்கூடும். அவற்றால் களைகளும் பயிர் நோய்களும் பரவலாம். விதைகளை உறையுடன் பாதுகாத்து, மாநில வேளாண் அதிகாரிகளுக்குத் தெரிவிக்குமாறு அத்துறை அறிவுறுத்தியது.