மதுரைக்கு அரிவாள் வந்த வழி

"சொந்த ஊர் மதுரை" என்று சொல்லிப் பாருங்கள். சென்னையோ பெங்களூரோ, ஹாஸ்டலோ ஆபீஸோ, அடுத்த கேள்வி தயார்: "அருவா எங்கப்பா?" கேட்பவர் மதுரையைப் பார்த்திருக்க மாட்டார், படம் பார்த்திருப்பார். நம் கல்லூரியில் படித்து வெளியூர் போனவர்களில் இதைக் காதில் வாங்காதவர் அபூர்வம்.

இந்த அரிவாள் ரொம்பப் பழசில்லை. 1956-ல் வந்த 'மதுரை வீரன்' காட்டியது வாளும் குதிரையுமான நாயக்கர் காலத்து மதுரை. 1965-ல் 'திருவிளையாடல்' வந்தபோது, மதுரை என்றால் சிவபெருமான் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர் ஊர். (அதுவும் கதைதான். ஆனால் அதைச் சொல்லி யாரும் நம்மைக் கிண்டலடிக்கவில்லை!)

அப்புறம் 2003-ல் தெலுங்கில் 'ஒக்கடு' வந்தது. ஹைதராபாத் கபடி வீரன் ஒருவன் கர்நூலுக்குப் போய், அங்கே ஒரு தாதாவின் பிடியிலிருந்து பெண்ணை மீட்கிறான். ராயலசீமா என்றாலே வெடிகுண்டும் வெட்டுக்குத்தும்தான் என்று 1999-ல் வந்த 'சமரசிம்ஹா ரெட்டி' போன்ற படங்கள் ஏற்கெனவே ஜனங்களைப் பழக்கியிருந்தன. மறு வருஷமே அந்த 'ஒக்கடு' தமிழில் 'கில்லி' ஆயிற்று. ஹைதராபாத் சென்னையானது, கர்நூல் மதுரையானது. வில்லன் மட்டும் மாறவில்லை, இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான். ராயலசீமாவுக்குத் தைத்த சட்டையை அப்படியே நமக்கு மாட்டிவிட்டார்கள். 2024-ல் மறுபடி திரையிட்டபோதும் கூட்டம் அலைமோதியது.

பழியை வெளியூர்க்காரர் தலையில் மட்டும் கட்ட முடியாது. 2008-ல் 'சுப்பிரமணியபுரம்' எடுத்த சசிகுமார் நம் பக்கத்துக்காரர். அந்தப் படத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; வெட்டியவன் கதி என்ன என்று காட்டிய படம் அது. பின்னால் வந்த பலர் தாடியை எடுத்துக்கொண்டார்கள், கதியை விட்டுவிட்டார்கள்.

சரி, மதுரைப் பக்கம் வெட்டே நடந்ததில்லையா? நடந்தது. மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். 1996-ல் தேர்தலே தடைபட்டது. கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பிய அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். இதற்கு ஹீரோ ஓப்பனிங் பாட்டெல்லாம் போட முடியாது. அதனால்தான் சினிமா அரிவாள் பளபளவென்று மின்னுகிறது. அது யார் கழுத்தில் விழுந்தது, ஏன் விழுந்தது என்ற பேச்சே வருவதில்லை. மேலவளவு வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுதலையாகி வீடு திரும்பினார்கள்.