துர்காவுக்குச் சாட்சி சொன்னவர்

‘சோதனைக்குழாய்க் குழந்தை’ என்னும் தொடர் நமக்குப் பழகிப்போய்விட்டது. உண்மையில் கருவுறுதல் நிகழ்வது குழாயில் அன்று, கண்ணாடித் தட்டில். பத்திரிகைகள் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயி பிரவுன் பிறந்தபோது உலகெங்கும் பரவிய தொடர் அது. சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. நவராத்திரி தொடங்கிய வேளையாதலால் துர்கா என்று அழைத்தனர். அக்குழந்தையைச் சாத்தியமாக்கியவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய்.

லூயிக்காக எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் தாயின் இயல்பான மாதச் சுழற்சியில் விளையும் ஒரே முட்டைக்காகக் காத்திருந்தனர். வயிற்றில் துளையிட்டு அதை எடுத்தனர். முகோபாத்யாயோ ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். யோனி வழியே அவற்றை எடுத்தார். உருவான கருவை 53 நாள் உறையவைத்து, பின்னொரு சுழற்சியில் தாயின் கருப்பையில் வைத்தார். இம்மூன்றும் இன்று கருத்தரிப்பு மையங்களின் அன்றாட நடைமுறைகள். உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984இல்தான்.

மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. உடலுக்கு வெளியே மனிதக் கருவை உண்டாக்கிய அனுபவம் அக்குழுவில் எவருக்கும் இல்லை. அந்நாளில் அவரைத் தவிர இந்நாட்டில் வேறு எவருக்கும் அது இருந்ததாகக் கூற இயலாது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்றாகக் காட்ட அவரிடம் ஒரு குழந்தை இருந்தது. ஆனால் காட்ட முடியவில்லை. ஊரார் பேச்சுக்கு அஞ்சிய பெற்றோர் தம் அடையாளம் வெளிப்படுவதை விரும்பவில்லை. ‘மலடி’ என்ற சொல்லிலிருந்து ஒரு பெண்ணை மீட்டவர், அச்சொல்லின் நிழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டார். ஜப்பானில் தம் ஆய்வை விளக்க அழைப்பு வந்தது. அரசு அனுமதி தரவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டில் தற்கொலை செய்துகொண்டார். இக்கதையைத் தழுவி ரமாபத சவுத்ரி ‘அபிமன்யு’ எழுதினார். அதைத் தபன் சின்ஹா 1990இல் ‘ஏக் டாக்டர் கி மௌத்’ என்று படமாக்கினார்.

1986 ஆகஸ்டில் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவும் டி.சி. ஆனந்தகுமாரும் பிறப்பித்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என்று பதிவாயிற்று. 1997இல் கல்கத்தா சென்ற ஆனந்தகுமாரிடம் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் தரப்பட்டன. படித்தார், துர்காவின் பெற்றோரிடமும் பேசினார். அவ்வாண்டே ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், முதன்மை தமக்குரியது அன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று எழுதினார். தம் பெயரிலிருந்த பட்டத்தைத் தாமே கழற்றி, இறந்துபோன ஒருவருக்குச் சூட்டியவர் அறிவியல் உலகில் எத்தனை பேர்?

முகோபாத்யாயும் அவருடைய இரு தோழர்களும் கருவை உறையவைத்தது பற்றி எழுதிய சிறு குறிப்பு, 1978லேயே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரயோஜெனிக்ஸ்’ இதழில் அச்சாகியிருந்தது.