துறைமுகம் காத்த தொழிற்கலங்கள்

1939 ஆகஸ்ட் 31ஆம் நாள், யுத்தம் மூளுவதற்கு முன்தினம், இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை பணிக்கு அழைக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகம் நாடி வரும் கப்பல்களை விசாரிக்கும் பொறுப்பு சாம்சன், கோலியாத் என்னும் இரு இழுவைக் கப்பல்களுக்கு வாய்த்தது. பெயரளவில் மட்டுமே அவை இராட்சதர்கள்!

அரிசிக்குக் கப்பலை நம்பியிருந்த தீவு இது. துறைமுக வாயிலில் கண்ணிவெடியொன்று கிடந்தாற் போதும், அடுப்புகள் அணைந்துவிடும். ஆதலால், மீன்பிடிக் கப்பல்களும் அந்தாட்டிக் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் பீரங்கி பூண்டு வந்தன. வலை இழுத்துப் பழகிய கலம் கண்ணிவெடி வாரும் கம்பியை இழுத்தது. திமிங்கிலத்தின் பின்னே சட்டெனத் திரும்பவல்ல கலம் நீர்மூழ்கியைத் தேடியது. இலங்கை அரசு முதன்முதல் வாங்கிய 'ஓவர்டேல் வைக்' இவ்வரிசையைச் சேர்ந்ததே. 1943இல் இத்தாலியப் போர்க்கப்பல் 'எரித்திரியா' சரணடைந்தபோது அதனை ஏற்கச் சென்றவர்களும் இத்தொண்டர்களே.

1950 டிசம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை அமைந்தது. இக்கலங்களில் கடல் பழகியவர்களிலிருந்தே அதன் முதல் நூறு பேரும் வந்தனர்.